கதவுக்கு வெளிய ஒரு சிஸ்டர்

அந்தச் சத்தத்துக்குப் பயப்படாதீங்க. அது பெறக்கப் போற சத்தம் இல்ல. இன்னும் நேரம் கெடக்கு. உங்க பொண்ணுதான கத்துறது? தொண்டையில இருந்து வருது பாத்தீங்களா. தொண்டையில இருந்து வந்தா இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். அப்புறம் அடிவயித்துல இருந்து ஒண்ணு வரும், கேட்டாலே தெரியும், அப்ப எந்திரிச்சு நின்னாப் போதும். அதுவரைக்கும் உக்காருங்க. இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க, அந்தப் பக்கம் பெஞ்சுக்கு கால் ஆடுது.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்க. சொல்லக் கூடாதுன்னு எம் பொண்ணு சத்தியம் வாங்கியிருக்கா. உங்ககிட்ட மட்டும் சொல்றேன் தங்கச்சி, அந்த நீலச் சீலை ஆயாம்மாகிட்டச் சொல்லிராதீங்க. நான் நர்ஸு. தேனிப் பக்கம். இங்க மாதிரி ஒரு கவர்மெண்டு ஆஸ்பத்திரிதான். ஜெயக்கொடி சிஸ்டர்னா எங்க ஊருல பச்சப் புள்ளைக்கும் தெரியும். பச்சப் புள்ளைக்குத்தான் மொதல்ல தெரியும், பாதிப் பேரு எங் கையில பெறந்தவங்கதான. இருபத்தாறு வருச சர்வீஸு. அதுல பத்தொம்பது வருசம் பிரசவ வார்டு. இத்தன வருசத்துல இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாத்ததே இல்ல. இன்னைக்குத்தான் உக்காந்திருக்கேன். முதுகு வலிக்குது. இந்தப் பெஞ்ச எவன் செஞ்சானோ.

எம் பொண்ணு பிருந்தா. உள்ளதான் இருக்கா. காலையில நாலு மணிக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க. கூட அவ மாமியா இருக்காங்க. ஆமா, மாமியாதான். பெத்த தாயி வெளிய, மாமியா உள்ள. நீங்க வாய் விட்டுக் கேக்கல, ஆனா மூஞ்சியிலயே கேக்குறீங்க. வந்ததுல இருந்து எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க.

கேட்டீங்களா, உள்ள அந்த சிஸ்டர் போடுற சத்தத்த? 'எதுக்குடி ஊரக் கூட்டுற'ங்குது. கோவப்படாதீங்க. உங்க பொண்ணு பேரு என்ன? கோமதியா. கோமதி மேல அவங்களுக்கு என்ன பகையா? கத்துனா மூச்செல்லாம் வாய் வழியாப் போயிரும். அந்த மூச்ச உள்ள அடக்கி முக்கணும். இத மெதுவா, கண்ணே மணியேன்னு சொன்னா காதுல ஏறாது. நான் எத்தன பேருகிட்டச் சொல்லிப் பாத்திருக்கேன். ஏழு பேரு ஒரே நேரத்துல படுத்திருப்பாளுக, நாங்க ரெண்டு பேரு நிப்போம். அதுல ஒருத்தி ட்ரிப்ஸ் மாட்டப் போயிருவா. ஒருத்திக்கு பி.பி. ஏறுது, ஒருத்திக்கு பனிக்குடம் ஒடஞ்சு பச்சையா வருது, ஒருத்தி கட்டில விட்டு எறங்கி வீட்டுக்குப் போறேங்குறா. அப்ப யாருக்கு வாயில தேன் வடியும்? சத்தம் போட்டாத்தான் வேலை நடக்கும். அது திட்டு இல்ல. வேலை.

நான் யாரையும் கை நீட்டுனது இல்ல. தொடையில ஒண்ணு தட்டுவேன், அதச் சேக்கக் கூடாது. தட்டலேன்னா காலச் சேத்து வச்சுக்குவாளுக, புள்ள தலை நசுங்கும்.

நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க. தண்ணி குடிங்க.

ஒரு தடவ ஒரு பொண்ணு எங் கையிலயே போயிருச்சு. பேரு சொல்ல மாட்டேன். புள்ள நல்லாப் பெறந்துருச்சு, ரத்தம் நிக்கல. டாக்டரம்மா வேற ஒரு ஆபரேசன்ல. நான் ஒரு கையால அவ வயித்த அமுக்கிக்கிட்டே ஒரு கையால போன் போடுறேன். எங் கண்ணப் பாத்துக்கிட்டே இருந்துச்சு அந்தப் பொண்ணு. 'சிஸ்டர், எனக்குக் குளுருது'ன்னுச்சு. அவ்வளவுதான். அதுக்கு ஒரு மாசங்கழிச்சு விசாரணை. ஆறு ஆபீசருங்க உக்காந்திருக்காங்க, நான் நிக்கிறேன். எத்தன மணிக்குப் பாத்த, எத்தன நிமிசத்துக்கு ஊசி போட்ட, கேஸ் சீட்டுல அந்தக் கட்டத்துல ஏன் எழுதல. எந்தக் கையால எழுதுறது? அதச் சொல்ல முடியுமா அங்க? மூணு மணி நேரம் நின்னேன். வெளிய வந்து பஸ்ஸுல உக்காந்து அழுகலாம்னு பாத்தா அழுகை வரல. வீட்டுக்கு வந்து அப்படியே படுத்துட்டேன்.

அன்னைக்கு பிருந்தாவுக்குப் பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா. மயில் வேசம். மறந்தே போனேன். அவ அப்பா கூட்டிட்டுப் போயிருக்காரு. மறுநாள் கட்டிலுக்கு அடியில கூட்டும்போது அட்டையில செஞ்ச தோகை கெடக்குது. அவகிட்ட 'நல்லா ஆடுனியா'ன்னு கேட்டேன். 'ம்'னா. அந்த வருசத்துக்கு அப்புறம் எனக்குச் சத்தம் கூடிப் போச்சு. எனக்கே தெரியும். இன்னொரு உசுரு எங் கையில போயிரக் கூடாதுங்குற பயம். பயந்தவங்களுக்குத்தான் சத்தம் பெருசா வரும், பாத்திருக்கீங்களா?

ஆனா எம் பொண்ண நான் பக்கத்துலயே வச்சுத்தான் வளத்தேன். அதச் சொல்லணும். பள்ளிக்கூடம் விட்டதும் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருவா. வீட்டுல யாரு இருக்கா? அவ அப்பா கூட்டுறவு சொசைட்டில இருந்தாரு, வர்றதுக்கு ஏழு ஆகும். டூட்டி ரூமுல ஒரு மேசை, அதுல ஒக்காந்து வீட்டுப் பாடம் எழுதுவா. டூட்டி ரூமுக்கும் லேபர் ரூமுக்கும் நடுவுல ஒரு பச்சத் திரை, அவ்வளவுதான். பாக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன், பாக்க மாட்டா. ரொம்ப அடங்குன புள்ள. இந்தக் காலத்துப் புள்ளைக மாதிரி அது வேணும் இது வேணும்னு ஒரு நாள் கேட்டது இல்ல.

ஒண்ணு சொல்றேன், சிரிப்பா இருக்கும். ஏழு வயசு இருக்கும் அப்ப. ஒரு நாள் சாயங்காலம் வேலை ஓஞ்ச நேரம், நாங்க நாலு ஸ்டாஃபு டீ குடிச்சுக்கிட்டு இருக்கோம். இவ மேசைக்கு அடியில பொம்மைய மல்லாக்கப் படுக்கப் போட்டுட்டு வெளையாடுறா. வெளையாடிக்கிட்டே பொம்மை தொடையில ஒரு அடி. 'அன்னைக்கு மட்டும் இனிச்சுச்சா, இன்னைக்கு எதுக்குடி கத்துற, வாய மூடிட்டு முக்குடி'ங்குறா. அப்படியே எங் கொரலு! நாங்க சிரிச்ச சிரிப்புல டீ கொட்டிப் போச்சு. அமலா சிஸ்டர்னு ஒருத்தி, அவளுக்கு மூக்கு வழியாவே வந்துருச்சு. அதுக்கு என்ன அர்த்தம்னு அந்தப் புள்ளைக்குத் தெரியுமா? ரொம்ப நாளைக்கு அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆள் மாறி வர்ற புது ஸ்டாஃபுகிட்டயெல்லாம் சொல்லுவோம்.

நீங்க சிரிக்கலையே.

எல்லா வார்டுலயும் சொல்றதுதான் தங்கச்சி. நான் கண்டுபிடிச்சதா? எனக்கு மூத்தவங்க சொன்னாங்க, நான் சொன்னேன்.

வீட்டுல ஒரு பழக்கம் வச்சிருந்தோம். நான் டூட்டி முடிஞ்சு வந்து குளிச்சு ஒரு டீ குடிக்கிற வரைக்கும் யாரும் எங்கிட்டப் பேசக் கூடாது. நான் சொல்லி வச்ச பழக்கம் இல்ல, தன்னால வந்தது. ஆறு மணி நேரம் கத்திட்டு வர்றவளுக்கு காதுக்குள்ள ரயிலு ஓடும். பிருந்தா எதுவும் சொல்லணும்னா ஒரு பேப்பருல எழுதி டிவி மேல வச்சிருவா. 'அம்மா, நாளைக்கு பிராக்ரஸ் கார்டு. கையெழுத்து.' நான் கையெழுத்துப் போட்டு அங்கயே வச்சிருவேன். ஒரு சண்டை இல்ல, ஒரு சத்தம் இல்ல. அந்தத் தெருவுலயே எங்க வீடு மாதிரி அமைதியான வீடு கெடையாது.

அவ பெரிய மனுசியானது கூட எதுத்த வீட்டு அன்னக்கிளி அக்காதான் முதல்ல பாத்துச்சு. நான் நைட்டு பாத்துட்டு வந்து தூங்கிக்கிட்டு இருந்தேன். எழுப்பக் கூடாதுன்னு புள்ள அங்க போயிருச்சு. எந்திரிச்சு வந்து பாக்குறேன், அன்னக்கிளி அக்கா வீட்டு மூலையில உக்காந்திருக்கா, அந்த அக்கா சீலையக் கட்டிக்கிட்டு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஊரு பொம்பளைக்கெல்லாம் நான் பாக்குறேன், எம் பொண்ணு எதுத்த வீட்டுக்குப் போறா. ஆனா அவளச் சொல்லியும் குத்தமில்ல. தூக்கத்துல எழுப்புனா நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது.

அப்புறம் படிச்சா, திருப்பூருல ஒரு பனியன் கம்பெனி ஆபீசுல வேலை கெடச்சுச்சு, அங்கயே ஒரு பையனப் புடிச்சிருக்குன்னா. நல்ல குடும்பம். நாங்க ஒண்ணும் சொல்லல. அந்தம்மாதான் இப்ப உள்ள இருக்குறது, ருக்குமணியம்மா, பையனோட தாயாரு. 'ஏனுங்க சம்பந்தி, வாங்க சம்பந்தி'ன்னு வாய் நெறையாப் பேசுவாங்க. உங்க ஊருப் பேச்சு. அவங்களக் கொறை சொல்ல மாட்டேன். ஒரு பிரசவம் கூடப் பாத்தது கெடையாது, ஆனா வாய் நெறையாப் பேசுவாங்க.

இது ரெண்டாவது. முதல்ல ஒண்ணு தங்கல. போன வருசம்.

மூணாவது மாசம். நான் டூட்டில இருக்கேன், அன்னைக்கு வார்டுல ஒரே நேரத்துல ரெண்டு பேருக்குத் தலை தெரியுது. போன் அடிக்குது. பிருந்தா. அவ டூட்டி நேரத்துல கூப்பிடவே மாட்டா. எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டேன், கையில கிளவுஸு. 'அம்மா, ரத்தம் படுதும்மா'ங்குறா. எனக்கு வாயில என்ன வந்துச்சு தெரியுமா? 'எத்தன வாரம்?' அப்படித்தான் கேட்டேன். எம் பொண்ணுகிட்ட. எத்தன வாரம்னு எனக்குத் தெரியாதா? காலண்டருல சிவப்புப் பேனாவால சுழிச்சு வச்சிருக்கேன். ஆனா அந்த ரூமுக்குள்ள நின்னா வாய் அதைத்தான் கேக்கும். 'எத்தன வாரம், துணி நனையுதா, கட்டியா வருதா, வலி இருக்கா.' அவளும் ஒண்ணொண்ணாச் சொன்னா. 'படு. கால உயர வை. ஸ்கேன் எடு. டூட்டி முடிஞ்சதும் பேசுறேன்'னு வச்சுட்டேன்.

டூட்டி முடியல. எனக்கு மாத்து விட வர வேண்டிய பொண்ணு வரல, அவ புள்ளைக்குக் காய்ச்சல். மாத்து ஆளு வராம நாங்க வார்ட விட்டுக் கெளம்ப முடியாது தங்கச்சி. இருக்குற கேஸ் ஒவ்வொண்ணையும் கட்டிலுக்குக் கட்டில் போயி அடுத்தவ கையில ஒப்படைச்சுட்டுத்தான் செருப்பத் தொடணும். அது எங்க வேலையில சட்டம். அடுத்த டூட்டியையும் நானே பாத்தேன். இடையில நெனப்பு வந்துச்சு. வரலேன்னு பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு தடவ போன எடுத்தேன், ரெண்டு தடவையும் யாராச்சும் கூப்பிட்டாங்க. கடைசில நான் கூப்பிடும்போது மறுநாள் ஆயிருச்சு. எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.

அப்ப நான் தைரியம் சொன்னேன். 'மொத மூணு மாசத்துல பத்துல ஒண்ணு இப்படிப் போகும், புள்ள சரியா உருவாகலேன்னா உடம்பே தள்ளிரும், யாரு என்ன பண்ணியிருந்தாலும் நிக்காது, நீ ஒண்ணும் கவலப்படாத'ன்னேன். உண்மைதான அது? புஸ்தகத்துல இருக்குது. பெரிய டாக்டரு கூட அதைத்தான் சொல்லுவாரு. அவ 'சரிம்மா'ன்னா. அழுகல. எம் பொண்ணு என்னைய மாதிரி, அழுத்தக்காரி.

ருக்குமணியம்மா அன்னைக்கு அவள மடியில போட்டுக்கிட்டு விடிய விடிய ஒப்பாரியே வச்சிருக்காங்க. மாப்ள சொன்னாரு. நான் நெனச்சேன், இதென்னடா, ஆறுதல் சொல்ல வேண்டியவங்க இப்படி அழுதா அந்தப் புள்ளைக்குத் தெம்பு எங்கிட்டு இருந்து வரும்னு.

இந்தத் தடவ மறுபடியும் நின்னதும் நான் முடிவு பண்ணிட்டேன். தலைப் பிரசவம் தாய் வீட்டுலதான. ஊரு ஒலகத்துல நடக்குறதுதான். ஏழாம் மாசம் வளையலப் போட்டுக் கூட்டிட்டு வந்துர வேண்டியது, எங் கையாலயே பாக்க வேண்டியது. வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஜன்னலோரம் மொதக் கட்டிலு, காத்து வரும், அதுதான் எம் பொண்ணுக்குன்னு. லீவு சேத்து வச்சேன். வீட்டுல அவ ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு. போன்ல கேக்குறேன், 'வளைகாப்புக்கு வாம்மா, ஆனா கூட்டிட்டுப் போறதுக்குன்னு வண்டி கொண்டு வராத'ங்குறா. சும்மா சொல்றா, மாமியா வீட்டுல சொல்லச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டு நான் வண்டி எடுத்துட்டுத்தான் போனேன். பின் சீட்டுல ரெண்டு தலகாணி கூடப் போட்டு வச்சிருந்தேன்.

ஏழு வகைச் சோறு கட்டிட்டுப் போயிருக்கோம். எங்க ஆளுக பன்னெண்டு பேரு. வளையல் போட்டு முடிஞ்சு, ஆரத்தி எடுத்து, நான் 'கெளம்புவமா கண்ணு'ன்னு கையப் புடிக்கிறேன். அவ எங் கைய மெதுவா எடுத்து விட்டுட்டு, 'நான் இங்கயே இருக்கேம்மா'ங்குறா. அத்தன பேரு மத்தியில. அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயி கேட்டேன், 'என்னடி, யாரு என்ன சொன்னா, இத்தன வருசம் ஊருக்கே பாத்த கை இது, உனக்குப் பாக்கக் கூடாதா'ன்னு. தட்டுல இருந்த வளையலையே பாத்துக்கிட்டு நிக்கிறா. அப்புறம் சொன்னா, 'நீ வரலாம்மா. ஆனா உள்ள வராத. நர்ஸுன்னு யாருகிட்டயும் சொல்லாத. உள்ள அத்த இருக்கட்டும்.'

ஏன்னு கேட்டேன். சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

திரும்பி வரும்போது வண்டில எங்க நாத்தனா, 'விடு ஜெயா, அங்க வசதி கூட'ன்னா. பழனி தாண்டுனதும் அந்த ரெண்டு தலகாணியையும் டிக்கில தூக்கிப் போட்டேன். பாக்கச் சகிக்கல. வார்டுக்குப் போயி என்ன சொல்றது? 'மாப்ளைக்குத் தனியார் ஆஸ்பத்திரிலதான் பாக்கணுமாம்'னு பொய் சொன்னேன். கடைசில பாத்தா இதுவும் கவர்மெண்டுதான். கவர்மெண்டு ஆஸ்பத்திரி வேணாம்னு இல்ல பாத்துக்கங்க. என்னையத்தான் வேணாம்.

எனக்கு ஆத்தாமை என்னன்னா, நான் என்ன கொறை வச்சேன்? குடிச்சனா, கூத்தடிச்சனா? ஓடி ஓடி ஒழச்சுத்தான அவளப் படிக்க வச்சேன். நின்னு நின்னு காலு ரெண்டும் நரம்பு முடிச்சுப் போட்டுக் கெடக்குது, பாருங்க. யாருக்கு நின்னேன்?

இன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்கு மாப்ள போன் பண்ணாரு. நான் நைட்டு டூட்டில. எத்தன பேருக்கு வலி வந்து பாத்திருக்கேன், எம் பொண்ணுக்கு வலின்னதும் ட்ரிப்ஸ் ஊசியக் கையில வச்சுக்கிட்டு எந்தக் கட்டிலுன்னு தெரியாம நிக்கிறேன். ஏழு மணிக்கு வர வேண்டியவ ஏழே முக்காலுக்கு வந்தா. அந்த முக்கா மணி நேரம் வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன். ஒப்படைச்சுட்டு, யூனிபார்ம மாத்திட்டு, பஸ்ஸு மாறி பஸ்ஸு மாறி இங்க வந்து சேர மத்தியானம் ஒரு மணி ஆயிருச்சு. நேத்துச் சாயங்காலம் சாப்புட்டது. மாப்ள இட்லி வாங்கிக் குடுத்தாரு, எறங்கல. பையில இருக்குது, நீங்க சாப்புடுறீங்களா?

வந்ததுல இருந்து காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். உள்ள நாலு பேரு. உங்க கோமதி கொரலு தெரியுது. இன்னொருத்தி 'ஐயோ ஆத்தா'ன்னு கத்துறா, அது ரெண்டாவது பிரசவம். ஒருத்தி முனகுறா. எம் பொண்ணு கொரலு மட்டும் கேக்கல. ஒரு சத்தம் இல்ல. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. பாத்தியா, நர்ஸு பெத்த புள்ள, மூச்ச அடக்குற வெதம் தெரிஞ்சிருக்குன்னு.

இருங்க. கதவு தொறக்குது. சம்பந்தியம்மா வர்றாங்க.

...

போயிட்டாங்க. துணி எடுத்துட்டுப் போகத்தான் வந்தாங்க. கேட்டீங்கல்ல? பொட்டப் புள்ளையாம். இந்தக் கத்தல்ல புள்ள அழுத சத்தம் கூட எங் காதுல விழல. ரெண்டே முக்கா கிலோ. தாயும் புள்ளையும் சொகமாம். இருங்க, கண்ணத் தொடச்சுக்கிறேன். நானு ஒண்ணும் அழுகல, தூக்கம் இல்லேன்னா எனக்குக் கண்ணுல தண்ணி வரும்.

அவங்க கையப் பாத்தீங்களா? மணிக்கட்டுல அஞ்சு நகம் பதிஞ்சு ரத்தம் கட்டியிருக்கு. பிருந்தா நகம். 'பொறுமைன்னா அப்பிடியொரு பொறுமைங்க சம்பந்தி, ஒரு சத்தம் போடலீங்க'ன்னு அவங்க பெருமையாத்தான் சொன்னாங்க. உள்ள இருக்குற சிஸ்டரே இப்படி ஒரு புள்ளையப் பாத்ததில்லைன்னாங்களாம். அதுக்கப்புறம் சொன்னாங்களே, அது உங்களுக்குக் கேட்டுச்சா? 'வலி தாங்காம ஒதட்டக் கடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சுங்க. நாந்தான், கத்திரு சாமி, கத்துனாத் தேவலையா இருக்கும்னேன். மாட்டேன்னு தலைய ஆட்டிப்போட்டு, வேண்டாங்கத்தே, வெளிய அம்மா இருக்குது, கேக்கும்னுச்சுங்க.'

வெளிய அம்மா இருக்குது. கேக்கும்.

நீங்களும் பொண்ணப் பெத்தவங்க. சொல்லுங்க தங்கச்சி. எனக்குக் கேட்டா என்ன? நான் நொந்து போவேன்னு பாத்தாளா? தாயி தாங்க மாட்டா, நைட்டெல்லாம் முழிச்சுட்டு பஸ்ஸுல வந்திருக்கான்னு பாவம் பாத்தாளா? சம்பந்தியம்மா அப்படி நெனச்சுத்தான் சொல்லிட்டுப் போறாங்க. 'தாயி மேல அம்புட்டுப் பாசமுங்க'ன்னுட்டுப் போறாங்க.

அப்படி இருக்காது. அப்படி இருக்கணும்னு ஆசையா இருக்கு, ஆனா இருக்காது. ஒதட்டக் கடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு எப்பப் படுத்திருப்பான்னு எனக்குத் தெரியும். நான் கட்டிலுகிட்டப் போனா அப்படித்தான் கடிச்சுக்குவாளுக. நான் நகந்ததும் விடுவாளுக. பாசத்துல யாரும் அப்படிக் கடிக்க மாட்டாங்க. எம் பொண்ணு என்னையப் பாத்துப் பயந்திருக்கா. கதவு சாத்தியிருந்தும் பயந்திருக்கா. அந்த வலியிலயும், நான் இருக்கேன்னு.

ஒருவேள ரெண்டும் இருக்குமோ. தெரியல. கேக்கவும் முடியாது. கேட்டா 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா'ன்னுதான் சொல்லுவா.

உங்க கோமதி மறுபடி கத்துறா. இப்ப கொஞ்சம் கீழ எறங்கிருச்சு சத்தம். இல்ல, இன்னும் நேரம் இருக்கு, நான் சொன்னேன்ல.

எந்திரிங்க. உள்ள போங்க.

போகலாம். உங்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. பிரசவத்துக்கு ஒரு பொம்பள கூட இருக்கலாம்னு கவர்மெண்டே சொல்லியிருக்கு. புள்ள பெத்தவளா இருக்கணும், அவ்வளவுதான். பேரு எழுதி வைக்கணும்னெல்லாம் இல்ல. கேட்டா விடணும். கேக்காட்டி நாங்களாச் சொல்ல மாட்டோம், எடம் பத்தாது, கூட்டம் சேந்தா வேலை ஓடாது. நானும் எங்க வார்டுல ஒருத்திகிட்டயும் சொன்னதில்ல. நீங்க இந்தக் கதவுகிட்டப் போயி நின்னீங்க, அந்த ஆயாம்மா 'வெளிய இரும்மா'ன்னு வெரட்டுச்சு, திரும்பி வந்து உக்காந்தீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்களையப் பக்கத்துல உக்கார வச்சு எங் கதையச் சொல்லிக்கிட்டு இருக்கேன், ஒரு மணி நேரமா. அந்தப் புள்ள அங்க ஒத்தையில கெடக்குது.

செருப்ப இங்க விடுங்க. கையக் கழுவிட்டுப் போங்க. 'நான் கோமதியோட அம்மா, கூட இருக்க வந்தேன்'னு சொல்லுங்க. சத்தம் போடுவாங்க. போட்டுட்டுப் போறாங்க, நீங்க நகராதீங்க. கட்டிலுகிட்டப் போனதும் அந்தப் புள்ள கையப் புடிச்சுக்கங்க. கத்தட்டும், கத்துனா ஒண்ணும் ஆயிராது. நான் அத்தன வருசமாச் சொன்னேன், மூச்சு வீணாப் போகும்னு. ஒண்ணும் ஆயிராது. நீங்க போங்க.

பை இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன். நான் எங்க போகப் போறேன்? என்னைய இன்னும் கூப்பிடல.